மணற்றுறைப் பாலத்தை அடைத்த செய்தி

நன்று நிலைபெறுக. மழை அளவறிந்து பெய்க. மும்மலைக்கு அதிபதியாய் முகில்நாடு முழுதாளும் கோமான் பரிதிவேள் பெருமானடிகளின் திருமுன்பு, மணற்றுறைக் கோட்டங் காக்கும் ஊழியன் ஆதன் வேளான் நிலந்தோய வணங்கி எழுதும் விண்ணப்பம்.

வெள்ளியாற்றின்மேல் பெருமானடிகள் எழுப்புவித்த ஒன்பது கண் கற்பாலம் திறந்து ஓராண்டாகிறது. வண்டிகள் நில்லாமல் கடந்தன. அக்கரை மணல்மேட்டில் புதுப்பேட்டை எழுந்தது. கொல்லரும் சாலியரும் வணிகருமாக நாலாயிரவர் பிழைப்புத் தேடிவந்து குடியேறினர். இக்கரையிலோ ஓடம் வலித்த முந்நூறு குடிகளுக்கும், சுமை தூக்கியோருக்கும், துறையில் சோறு விற்ற பெண்டிருக்கும் ஒரே திங்களில் தொழில் அற்றது. பாலங்காக்கும் பணியையேனும் அருளுமாறு ஓடக்குடிகள் வேண்டியபோது, ஆறறிந்தவரைவிட வாளறிந்தவரே காவலுக்கு உரியர் என்று மறுத்தவன் அடியேனே. அவர்கள் ஓடங்களோடு மேலாற்று ஏரிக்கு மீன்பிடிக்கப் போயினர்.

மூன்று நாள்களுக்கு முன், மீன் விற்க வந்த அவர்கள் தலைவி நக்கன் சாத்தி, பாலத்தின்கீழ் நீரோட்டம் திரிந்தது கண்டு முழுகிப் பார்த்து, நனைந்த சேலையோடு அடியேன்முன் வந்து நின்றாள். "மூணாங்காலுக்கு அடியில மண்ணே இல்ல சாமி. மலையில மழை இன்னும் விடல. சனத்தை இன்னைக்கே இக்கரைக்குக் கொண்டாந்துருங்க" என்றாள். பாலங்கட்டிய கற்றச்சர் தலைவர், கால் அசையாது என்று நகைத்தார். அவர் சொல்லை நம்பி ஒரு நாளை வீணாக்கினேன்.

மறுநாள் கைப்பிடிச் சுவரில் உள்ளங்கை வைத்தேன். காய்ச்சல் கண்ட உடல்போலக் கல் அதிர்ந்தது. அதற்குள் வெள்ளம் மணல்மேட்டைச் சூழ்ந்துவிட்டது. பேட்டை முழுதும் பாலத்தின்மேல் ஏறினால் பாலம் தாங்காதென்று அஞ்சி, இருகரை வாயில்களையும் அடைத்தேன். அக்கரை மக்கள் கதவைக் கையால் அறைகின்றனர். அவ்வோசை இவ்வோலை எழுதும் இடம்வரை கேட்கிறது.

ஓடங்களை அழைத்துத் தருமாறு சாத்தியை வேண்டினேன். "கூப்புட்டா வருவாங்க. வெள்ளம் வடிஞ்சதும் மறுபடி தொரத்திருவீகளா?" என்றாள். துறையுரிமையும் பாலங்காவலும் இனி ஓடக்குடிகளுக்கே என்று, திருவுள்ளம் அறியாமலே எழுதி இலச்சினையிட்டேன்.

இன்று காலை வெள்ளத்தோடு நாற்பத்திரண்டு ஓடங்கள் வந்தன. குழவிகளும் கருவுற்ற பெண்டிரும் முதலில் ஏற்றப்பட்டனர். ஓர் ஓடம் சுழலில் கவிழ்ந்தது. அதை வலித்த சாத்தியின் தம்பி கரையேறவில்லை. அவள் மணலில் சற்றே அமர்ந்தாள். பின் எழுந்து அடுத்த ஓடத்தின் துடுப்பைப் பற்றினாள்.

நாளை உச்சிப்பொழுதில் யானைப்படை இப்பாலத்தைக் கடக்கும் என்பது பெருமானடிகளின் ஆணை. அதனை அடியேன் மீறுகிறேன். வழிச்சாவடிக் காவலர் எவரும் இவ்வோலை கண்ட பொழுதே படையை நிறுத்துக. வரும் தண்டனை என் ஒருவன் தலைக்கே ஆகுக. இஃது ஆதன் வேளான் எழுத்து. கோட்டத்து மீனிலச்சினை இட்டது.

ஓலைப்புறத்தே பின்னும் எழுதுவது: இலச்சினையின் அரக்கு உலருமுன் நடுக்கண் மூன்றும் ஆற்றில் வீழ்ந்தன. பாலத்தின்மேல் ஒருவரும் இல்லை. அக்கரையில் இன்னும் ஈராயிரவர் உளர். ஓடங்கள் போய்க்கொண்டிருக்கின்றன.