தேடாத நாட்காட்டி

3 ஜூன், செவ்வாய்

நாட்காட்டித் தேடல் கருவிக்கான விளக்கத்தை இன்று நிறைவு செய்தேன். இதைப் படிக்கப்போவது மனிதர் அல்லர். பயனருக்காகக் கைப்பேசிக்குள் வேலை பார்க்கும் செயற்கை நுண்ணறிவு உதவியாளர். ஆயினும் முதல் வரியைச் செதுக்கிச் செதுக்கி எழுதினேன்: "பயனரின் நிகழ்வுகள் அனைத்தையும் ஆராய்ந்து, கேட்ட நாளுக்குரியவற்றை இக்கருவி எடுத்துரைக்கும்." வாய்விட்டுப் படித்தேன். எங்கும் இடறவில்லை.

கருவிக்கு நிரல் எழுதியவர் மேசையோரம் வந்து நின்றார். "புலவரம்மா, இது சொந்த நாட்காட்டிய மட்டும்தான் பாக்கும். குடும்பம், ஆபீஸ்னு பகிர்ந்து வச்சிருக்கறத எல்லாம் பேர் சொல்லிக் கேட்டாத்தான் பாக்கும். அத முதல்லயே போட்டுடுங்க."

"கீழே குறிப்பில் இருக்கிறது."

"கீழ இருக்கறத உதவியாளர் படிக்காதுங்க. முதல் பத்திய மட்டும்தான் அதுக்கிட்ட குடுக்கறோம்."

"முதல் வரியிலேயே இது முடியாது, அது முடியாது என்று கையை விரிப்பானேன்?" என்றேன். விளக்கத்தில் இறுதிச் சொல் என்னுடையது என்பது எங்கள் அலுவலக வழக்கம். அவர் தலையைச் சொறிந்துகொண்டு போய்விட்டார். பள்ளியைப் பாதியில் விட்டவளிடம் ஒரு பட்டதாரி வாயடைத்துத் திரும்புவது – மறைப்பானேன் – இனித்தது.

மாலையில், சோதனைக்காகத் தம்பியின் கைப்பேசியிலும் அதை நிறுவிக் கொடுத்தேன். "இனி எதையும் நினைவில் சுமக்காதே, இதைக் கேள்" என்றேன்.

4 ஜூன், புதன்

அப்பாவின் கண் அறுவையை வெள்ளியிலிருந்து நாளைக்கே மாற்றிவிட்டார்கள். மாலையில் அவரை அழைத்து வரவேண்டிய தம்பி உறங்கிவிட்டான். விடியுமுன் வேலைக்குக் கிளம்புபவன். எழுப்பவில்லை. குடும்ப நாட்காட்டியில் தேதியைத் திருத்திவிட்டேன். கருவி எதற்கு இருக்கிறது?

5 ஜூன், வியாழன்

எழுதும் நிலையில் இல்லை.

6 ஜூன், வெள்ளி

தம்பி நேற்று மருத்துவமனைக்குப் போகவில்லை. கூடுதல் வேலை ஒப்புக்கொண்டு, வேலையிடத்து விதிப்படி கைப்பேசியைப் பெட்டியில் வைத்துப் பூட்டிவிட்டு உள்ளே போயிருக்கிறான். ஒரு கண்ணில் கட்டுடன் அப்பா வாசல் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார், உள்ளே விளக்குகளை அணைக்கும்வரை. காவலாளிதான் தம் கைப்பேசியில் என்னை அழைத்துக் கொடுத்தார்.

நேற்றிரவு தம்பி வீடு வந்ததும் என் செந்தமிழ் எங்கோ போய்விட்டது. "பெத்தவர வாசல்ல உக்கார வச்சிட்டியேடா! கல்லா நீ?"

"கேட்டுட்டுத்தாங்க்கா ஒத்துக்கிட்டேன். இன்னைக்குச் சாயங்காலம் உங்களுக்கு எந்த நிகழ்வும் இல்லைன்னு இதுதான் சொல்லிச்சு."

"அது மேல பழி போடாத. உனக்குக் கேக்கத் தெரியல."

9 ஜூன், திங்கள்

சோதனைக் கைப்பேசிகளின் பதிவைத் திறந்தேன். தம்பி ஒழுங்காகத்தான் கேட்டிருக்கிறான். அதன்கீழ் உதவியாளர் தன் முடிவுக்குக் காரணம் எழுதியிருந்தது: "விளக்கத்தின்படி இக்கருவி அனைத்து நிகழ்வுகளையும் ஆராய்கிறது. விடை வெறுமை. ஆகவே வேறெங்கும் தேடத் தேவையில்லை."

என் வாக்கியத்தை இத்தனை நம்பிப் படித்தவர் இதுவரை எவருமிலர்.

நிரல் எழுதியவர் பின்னால் நின்று திரையைப் பார்த்துவிட்டார். தம் இருக்கைக்குப் போய்விட்டார். 'அன்றே சொன்னேனே' என்று சொல்லியிருக்கலாம்.

10 ஜூன், செவ்வாய்

இரவு உணவின்போது அப்பா தம்பியிடம் சொன்னார்: "அடுத்த கண்ணுக்கு நானே வண்டி பிடிச்சு வந்துக்கறேம்ப்பா. உனக்கு எதுக்குச் சிரமம்." தம்பி தட்டைவிட்டுத் தலை தூக்கவில்லை. நான் பக்கத்தில்தான் நின்று தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தேன். ஊற்றிக்கொண்டே இருந்தேன்.

ஏன் வாயத் திறக்கல? வீட்டில் எழுத்தாளி என்று ஒரு பெயர் – அதுக்காகவா? சீ.

11 ஜூன், புதன்

முதல் வரியை அழித்தேன். இப்போது இருப்பது: "சொந்த நாட்காட்டியை மட்டும் பார்க்கும். மற்றவற்றைப் பெயர் சொன்னால்தான் பார்க்கும். எதுவும் கிடைக்காவிட்டால் 'இல்லை' என்று சொல்லாதே. எங்கே தேடினாய் என்று சொல்." முட்டிமுட்டி நடக்கும் வாக்கியங்கள். நிரல் எழுதியவரிடம் நானே கொண்டுபோய்க் காட்டினேன். "சரிங்க" என்றார். 'புலவரம்மா' என்று சொல்லவில்லை.

வீட்டில் இரவு உணவுக்கு இருவரையும் உட்காரவைத்துச் சொன்னேன். சொல்வதற்கென்று அடுக்கி வைத்திருந்த சொற்கள் ஒன்றும் வரவில்லை. "தப்பு என்னோடதுப்பா. அவன் கேட்டான். நான் எழுதினதுதான் பொய்." அழித்த வரியையும் படித்துக் காட்டினேன்.

அப்பா கேட்டார்: "அது தெரிஞ்சும் நேத்து நான் அவன அப்படிச் சொன்னப்ப நீ ஏம்மா சும்மா நின்ன?"

தம்பி எழுந்து தட்டைக் கழுவிவிட்டு அறைக்குள் போய்விட்டான்.

26 ஜூன், வியாழன்

இன்று மறுகண். காலையில் அப்பா என்னிடம் அல்ல, தம்பியிடம் சொன்னார்: "சாயங்காலம் வந்துடுப்பா." அவன் விடுப்பே எடுத்திருந்தான்.

மாலையில் புறப்படும்போது கூடத்தில் நின்று கத்தினான். இத்தனை நாளில் என்னிடம் அவனாகப் பேசிய முதல் பேச்சு:

"எக்கா! வண்டிச் சாவி எங்க? அனைத்தையும் ஆராய்ந்து எடுத்துரை பாப்போம்!"

முகம் சுட்டது. ஆனாலும் எழுந்து தேடினேன்.

"மேசைமேல இல்லடா" என்றேன். "மத்த இடம் நான் இன்னும் பாக்கல."