கிளினிக்குக்கு எதிரே என் கடை

6 மார்ச் 1984, செவ்வாய்

செவ்வாய்தோறும் கிளினிக்கில் பிள்ளைத்தாய்ச்சிகளைப் பார்க்கும் நாள். எதிரே இருக்கிற நம் சாப்பாட்டுக் கடைக்கும் அன்றைக்குத்தான் கூட்டம். எஸ்டேட் லோரி காலையில் இறக்கிவிட்டுப் போனால் மத்தியானம்தான் திரும்பும். அதுவரை அவர்கள் எங்கே போவார்கள்? நம் பெஞ்சில் உட்கார்ந்து, நர்ஸ் மிஸியிடம் சொல்லாததையெல்லாம் என்னிடம் சொல்கிறார்கள்.

இன்றைக்கு நவமணி. எட்டாம் மாசம். சிலிப்பர் வார் பதிகிற அளவுக்குக் கால் வீங்கியிருக்கிறது. பிரஷர் ஏறியிருக்கு, பெரியாஸ்பத்திரிக்குப் போ என்று மிஸி சொன்னாராம். இவள், "எனக்கு ஒண்ணுமில்ல மிஸி, நல்லாருக்கேன்" என்று சொல்லிவிட்டு நேரே இங்கே ஓடி வந்திருக்கிறாள்.

"உண்மையிலேயே ஒண்ணுமில்லையாடி?"

"தலை வெடிக்குதுக்கா."

அடிப்பாவி!

"சொன்னா வேன்ல ஏத்திருவாங்க. அங்க வயித்த அறுக்கும்போது தாலிய வெட்டிருவாங்கக்கா."

அவள் குடியிருக்கிற லயத்து வரிசை வீட்டு ரமணிக்குப் போன வருஷம் அப்படித்தான் நடந்ததாம். பிள்ளை நன்றாகப் பிறந்தது. ஆனால் தாலியைக் கத்தரிக்கோலால் நறுக்கிக் காகிதத்தில் சுற்றிக் கொடுத்தார்களாம். அடுத்த மாசமே அவள் புருஷன் லோரி கவிழ்ந்து செத்துப்போனான். அன்றிலிருந்து பெரியாஸ்பத்திரி என்றாலே லயம் முழுக்க நடுக்கம்.

"நான் போனாலும் பரவால்ல. அவரு நல்லாருக்கணும்" என்றாள்.

எனக்கு அழுகையும் வந்தது, அவள் கன்னத்தில் ஒன்று வைக்கவும் கை துறுதுறுத்தது.

7 மார்ச்

இவங்களிடம், என் வீட்டுக்காரரிடம்தான், சொன்னேன். "சபுரா, நாம வச்சிருக்கிறது கடை. கிளினிக் இல்ல" என்றார்கள். அத்தோடு முடிந்தது மீரா முகைதீன் முதலாளியின் தீர்ப்பு!

கடையில் வாயை மூடு என்கிறார்கள். மூடினால் சோறு இறங்க மாட்டேன் என்கிறது. அதனால்தான் இந்த நோட்டில் கொட்டுகிறேன்.

8 மார்ச்

ஜெனவீவ் மிஸி ரொட்டி சானாய் கட்டிக்கொண்டு போக வந்தார். இந்தக் கிளினிக்குக்கு வந்து இரண்டு மாசம்தான் ஆகிறது. சின்ன வயசு, சுறுசுறுப்பு.

"எஸ்டேட் பொம்பளைங்களுக்குச் சொன்னாப் புரியாதுக்கா. நானும் எஸ்டேட்ல பொறந்தவதான். அந்த நவமணி காலைப் பார்த்தீங்களா? போன்னா ஓடிட்டா. என்ன செய்யுதுன்னு கேட்டா ஒண்ணுமில்லங்கிறா."

எனக்குச் சுர்ரென்று ஏறிவிட்டது. "என்ன செய்யுதுன்னு கேட்டா ஒண்ணுமில்லன்னுதான் சொல்லுவா. எதுக்குப் பயப்படுறேன்னு கேட்டீங்களா மிஸி?"

கல்லாவில் இருந்த இவங்க தொண்டையைச் செருமினார்கள். செருமட்டும்.

மிஸிக்கு முகம் சிவந்துவிட்டது. கோபித்துக்கொண்டு போய்விடுவார் என்றுதான் நினைத்தேன். அப்படியே உட்கார்ந்து, "சொல்லுங்க, எதுக்குப் பயப்படுறாங்க?" என்றார். தாலி விஷயத்தைச் சொன்னேன். "ஒருத்திகூட எங்கிட்ட சொல்லலியே" என்று திரும்பத் திரும்பச் சொன்னார். பாவமாக இருந்தது. கெட்ட பெண் இல்லை.

அடுத்த செவ்வாய் நம் கடையில் வந்து உட்காரலாமா என்று கேட்டுவிட்டுப் போனார்.

13 மார்ச், செவ்வாய்

படு தோல்வி. மிஸி வெள்ளைச் சட்டையோடு வந்து பெஞ்சில் உட்கார்ந்ததும் அத்தனை பேருக்கும் வாயில் பூட்டு. நவமணி டீயைத் தொடவே இல்லை. பாதிப் பேர் எழுந்து சீனன் கடைப் பக்கம் போய்விட்டார்கள்.

"வியாபாரமும் போச்சு, பேச்சும் போச்சு" என்கிறார்கள் இவங்க. சிரிப்பு வேறு.

20 மார்ச், செவ்வாய்

இன்றைக்கு நானே ஆரம்பித்தேன். மிஸி பக்கத்தில் இருக்கும்போதே என் தலைப்பிள்ளை கதையைச் சொன்னேன். ஆப்பரேஷனுக்கு முன்னால், எங்களுக்குத் தாலி மாதிரியான என் கருகமணியைக் கழற்றச் சொன்னது. நான் மாட்டேன் என்று ஊரைக் கூட்டியது. இவங்க வெளியே எந்த வார்டு என்று தெரியாமல் வாசல் வாசலாக அலைந்தது. இருபது வருஷமாக யாரிடமும் சொல்லாத கதை.

அப்புறம் பார்க்கணும்! அணை உடைந்த மாதிரி. ஒருத்திக்கு, வேனில் தனியாகப் போகப் பயம். இன்னொருத்தியின் புருஷனுக்கு அவளை எங்கே வைத்திருக்கிறார்கள் என்று இரண்டு நாள் தெரியவில்லை. வேறொருத்தி, நர்ஸ் அதட்டுவார் என்று பயந்து வலியை வாய்க்குள்ளேயே மென்றாளாம். மிஸி குறுக்கே பேசவில்லை. கேட்டுக்கொண்டே இருந்தார்.

கடைசியில் நவமணி கேட்டாள். "தாலிய ஏன் மிஸி எடுக்கணும்? அது யாருக்கு என்ன கெடுதல் பண்ணுது?"

அறுக்கும்போது கரண்ட் கருவி வைப்பார்களாம், தங்கமோ இரும்போ உடம்பில் பட்டால் அந்த இடம் வெந்துபோகுமாம். மிஸி பொறுமையாக விளக்கினார்.

நவமணி கழுத்துத் தாலியைத் தொட்டுப் பார்த்தாள். "அப்ப மஞ்சக் கயித்துக்கு ஒண்ணும் ஆகாதே மிஸி? கயித்துல விரலி மஞ்சள் கட்டினா அதுவும் தாலிதானே. தங்கத்த அவரு கையாலயே வாங்கி வச்சுக்கட்டும்."

மிஸி அவளைப் பார்த்த பார்வையை நான் மறக்க மாட்டேன். எங்கள் யாருக்குமே தோன்றவில்லையே இது! எழுந்து கிளினிக்குக்கு ஓடினார், பெரியாஸ்பத்திரிக்கு டெலிபோன் பண்ண. பதில் வருவதற்குள் லோரி வந்துவிட்டது. நவமணி ஏறிப் போய்விட்டாள்.

21 மார்ச்

பதில் இல்லை. அங்கே ஆப்பரேஷன் தியேட்டர் சிஸ்டர் லீவாம். கிளினிக் டாக்டரே பேசியிருக்கிறாராம். யா அல்லாஹ், சீக்கிரம்.

22 மார்ச், வியாழன்

காலையில் நவமணியின் புருஷன் உடையப்பன் சைக்கிளில் வந்து கடை முன்னால் விழாத குறையாக இறங்கினான். "அக்கா, அவளுக்குக் கண்ணு மங்குதாம். எந்திரிக்க மாட்டேங்கிறா. வேன் வேணாங்கிறா. நீங்க வந்து சொல்லுங்கக்கா."

கிளினிக்குக்கு ஓடினேன். மிஸி வாசலிலேயே நின்றார். "இப்பத்தான் சேதி வந்துச்சு. கயித்துக்கு ஒத்துக்கிட்டாங்க!"

திரும்பிப் பார்த்தால் இவங்க பின்னாலேயே நிற்கிறார்கள். திட்டுவார்கள் என்று நினைத்தேன். "கடைய நான் பாத்துக்கிறேன். நீ வேன்ல ஏறு" என்றார்கள். ஏறினேன்.

லயத்தில் பெண்கள் எல்லாம் வாசலில். உள்ளே நவமணி பாயில் கிடந்தாள். முகம் ஊதிப்போய் ஆள் அடையாளமே மாறியிருந்தது. மிஸி மண்டியிட்டு உட்கார்ந்து அவள் கையைப் பிடித்தார்.

"உங்க வாயால சொல்லுங்க மிஸி. கத்தரிக்கோல் வைக்க மாட்டாங்கதானே?"

"வைக்க மாட்டாங்க. நானும் கூட வரேன். உன் புருஷனும் வேன்ல வருவாரு."

உடையப்பன் மஞ்சள் கயிற்றை எடுத்தான். முதலில் அதை அவள் கழுத்தில் முடிந்தான். அப்புறம்தான் தங்கத் தாலியைக் கழற்றினான். அவள் கழுத்து ஒரு நிமிஷம்கூட வெறுமையாக இருக்கவில்லை. கழற்றியதைக் கண்ணில் ஒற்றிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டான். யாரோ ஒருத்தி குலவையிட்டாள். உடனே லயமே குலவையிட்டது! பிரசவத்துக்குப் போகிறவளுக்குக் கல்யாணக் குலவை. எனக்கு மயிர்க்கூச்செறிந்தது.

வேனில் எனக்கு இடம் இல்லை. எஸ்டேட் கங்காணி, மண்டோர், மோட்டார் சைக்கிளில் கொண்டுவந்து கடையில் விட்டார்.

23 மார்ச், வெள்ளி

சேதி இல்லை. ஜும்ஆத் தொழுகையில் இவங்களும் துஆ கேட்டார்களாம். கேட்காமலே வந்து சொன்னார்கள்.

24 மார்ச், சனி

பெண் குழந்தை! தாயும் பிழைத்தாள், பிள்ளையும் பிழைத்தது! அல்ஹம்துலில்லாஹ், அல்ஹம்துலில்லாஹ்!

உடையப்பன் கத்திக்கொண்டேதான் கடைக்குள் வந்தான். தியேட்டரில் கயிற்றை அவள் மணிக்கட்டில் சுற்றிப் பிளாஸ்திரி ஒட்டிவிட்டார்களாம். கண் திறந்ததும் அவள் முதலில் கையைத்தான் பார்த்தாளாம், அப்புறம்தான் பிள்ளையைக் கேட்டாளாம். இன்னும் அரை நாள் தாமதித்திருந்தால் வலிப்பு வந்து இரண்டும் போயிருக்கும் என்று டாக்டர் சொன்னாராம். அதைச் சொல்லும்போது மட்டும் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

நம் முதலாளி கடையில் இருந்த அத்தனை பேருக்கும் டீ இனாம் என்று அறிவித்துவிட்டார்கள். கல்யாணமான நாளிலிருந்து இப்படி ஒரு வார்த்தையை அவர்கள் வாயிலிருந்து நான் கேட்டதில்லை.

17 ஏப்ரல், செவ்வாய்

கிளினிக் டாக்டர் உத்தரவு போட்டுவிட்டாராம். பெரியாஸ்பத்திரிக்கு அனுப்பும் பெண்ணோடு வீட்டு ஆள் ஒருத்தர் வேனில் போகலாம். எந்த வார்டு என்று புறப்படும் முன்பே சொல்லிவிட வேண்டும். கிளினிக்கிலேயே மஞ்சள் கயிறு வைத்திருக்கிறார்கள், அரசாங்க அலமாரியில், பஞ்சுக்குப் பக்கத்தில்!

மிஸி இப்போது பிரஷர் பார்க்கும் முன்னால் கேட்கும் முதல் கேள்வி: "எதுக்காவது பயமா இருக்காம்மா?" ஆளுக்கு ஆள் நேரம் ஆகிறது, வரிசை நீள்கிறது. கிளினிக்கில் இருக்கிற இன்னொரு மிஸி முணுமுணுக்கிறாராம். முணுமுணுக்கட்டும் லா.

29 மே, செவ்வாய்

நோன்புக்கு இன்னும் சில நாள்தான். கடையில் பத்து மணிவரை ஈ ஓட்டினோம். பெண்கள் எல்லாரும் கிளினிக் பெஞ்சிலேயே உட்கார்ந்து மிஸியிடம் பேசிக்கொண்டிருக்கிறார்கள். "உன்னால வந்தது" என்று இவங்க என்னை முறைத்தார்கள். நான் தலையை ஆட்டிக்கொண்டேன்.

பதினொரு மணிக்கு வேன் புறப்பட்டது. உள்ளே வேறு எஸ்டேட்டுப் பெண், தலைச்சூல், பிள்ளை குறுக்கே கிடக்கிறதாம். தானே ஏறி உட்கார்ந்தாள். பக்கத்தில் புருஷன், சட்டைப் பையைக் கையால் பொத்திக்கொண்டு. "அக்கா, போயிட்டு வரேன்!" என்று எனக்குக் கையைக் காட்டினாள். அவள் பெயர்கூட எனக்குத் தெரியாது.

அப்புறம் மற்றவர்கள் டீ குடிக்க வந்தார்கள். ஒருத்தி ஒரு வாய் குடித்துவிட்டுக் கிலாஸைக் கீழே வைத்தாள். "அக்கா, கோவிச்சுக்காதீங்க. டீ கழுவுன தண்ணி மாதிரி இருக்கு." இன்னொருத்தி, "ரொட்டியும் ரப்பர் மாதிரி இழுக்குதுக்கா. ரொம்ப நாளா சொல்லணும்னு நெனச்சேன்" என்றாள். எல்லாரும் தலையை ஆட்டினார்கள். இத்தனை வருஷமாக வாயைத் திறக்காமல் தின்றுவிட்டுப் போனவர்கள்!

இவங்க கல்லாவில் வாய் பிளந்து உட்கார்ந்திருந்தார்கள். எனக்குச் சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. உள்ளே போய்ப் புதுத் தேயிலை போட்டேன்.