உன் கோணல் முகட்டை நிமிர்த்திவிட்டார்கள்

என் செல்வி அக்காவுக்கு,

கீரமங்கலம் பஸ் ஸ்டாண்டில் ஆளுயரத்துக்குச் சிரித்துக்கொண்டு நிற்கிறாய். சித்தப்பா வைத்த முதலாமாண்டு நினைவஞ்சலி ஃப்ளெக்ஸ். "வானத்தப் பாத்துப் பாத்து என்னத்தக் கண்டா?" என்று கல்யாண வீடுகளில் கேட்டவர்தான். இப்போது உன் பெயரைவிட அவர் பெயர் பெரிதாக இருக்கிறது.

உன் படத்துக்குக் கீழே நீ கண்டுபிடித்த ஒளிக்கோட்டின் வரைபடத்தையும் போட்டிருக்கிறார். பிரபஞ்சம் இளசாக இருந்தபோது ஒரு விண்மீன் மண்டலத்திலிருந்து கிளம்பிய ஹைட்ரஜன் ஒளி. வரைபடத்தில் சின்ன முகடு, ஒரு பக்கம் செங்குத்து, மறுபக்கம் சரிவு. வழியில் கிடக்கும் ஹைட்ரஜன் ஒரு பக்கத்தை விழுங்கிவிடுவதால் வரும் கோணல். அந்தக் கோணல்தான் ஆதாரம் என்று எனக்கு எத்தனை முறை சொல்லியிருப்பாய்?

ஃப்ளெக்ஸில் இரண்டு பக்கமும் ஒரே அளவு. அதை அச்சடித்த கடையில் போய்க் கேட்டேன்.

"கோணயா கெடந்துச்சுங்க. பாக்க நல்லால்லன்னு ஒங்க சித்தப்பாதான் சரி பண்ணச் சொன்னாங்க."

நீ கல்யாணம் வேண்டாமென்றபோதும் இப்படித்தானே சரிசெய்யக் கிளம்பினார்?

அவரையாவது விட்டுவிடலாம். நினைவுக் கூட்டத்துக்கு உன் பேராசிரியரும் வந்திருந்தார். அது ஹைட்ரஜனே இல்லை, பக்கத்து விண்மீன் மண்டலத்து ஆக்ஸிஜன் ஒளியைப் பார்த்து ஏமாந்துவிட்டாய் என்று உன் கட்டுரையை முடக்கிய அதே ஆள். வேறொரு தொலைநோக்கி நீ சொன்னதுதான் சரியென்று காட்டியதும் பாசம் பொங்கிவிட்டது. ஆடு நனைகிறதே என்று ஓநாய் அழுத கதைதான்.

"இது ஹைட்ரஜன்னு எனக்கு அப்பவே தெரியும்," என்றார் மைக்கில். மேடைக்குப் பின்னாலும் அதே ஃப்ளெக்ஸ். அந்த முகட்டைத் தடவிக்காட்டி, "இந்த வடிவந்தான் சாட்சி" என்றார். உன் வரைபடத்தை அவர் ஒருநாளும் ஒழுங்காகப் பார்த்ததில்லை என்று அப்போது புரிந்தது.

எழுந்தேன். "சார், அதுல எந்தப் பக்கம் சரியுதுங்க?"

பேராசிரியர் ஃப்ளெக்ஸைத் திரும்பிப் பார்த்தார். முகட்டின் இரண்டு பக்கத்தையும் மாறி மாறிப் பார்த்தார். "ஒக்காரு ஆத்தா, பெரியவங்க பேசுறாங்கள்ல," என்றார் சித்தப்பா. பேராசிரியர் தண்ணீர் கேட்டார்.

கார் ஏறும்போது என்னிடம் மெதுவாகச் சொன்னார்: "இதப் பத்தி நான் எழுதுற கட்டுரையில, நன்றி சொல்ற எடத்துல அவங்க பேரு வரும்மா."

"மொதப் பேரா வரணுங்க. நீங்க எதத் தொட்டுக்காட்டிப் பேசுனீங்கன்னு வீடியோ எடுத்து வச்சிருக்கேன்."

கார்க் கதவைச் சாத்தவும் மறந்துபோனார்.

நீ இல்லாதது வலிக்கிறது அக்கா. இவர்கள் உன்னைப் புகழ்வது அதைவிட வலிக்கிறது.

கட்டுரையில் உன் பெயர் முதலில் வரும்வரை பஸ் ஸ்டாண்ட் ஃப்ளெக்ஸை யாரையும் கழற்ற விடமாட்டேன். கேட்கிறவர்களுக்கெல்லாம் உண்மையான முகடு எப்படி இருக்குமென்று அதன் பக்கத்திலேயே வரைந்து காட்டுவேன்.

இப்படிக்கு,
யாராலும் நிமிர்த்த முடியாத உன் தங்கை,
மாலா