சூசைக்கு எந்த விளையாட்டு?

அக்கரப்பத்தனை,
12.6.1957

அன்புள்ள ஜோசப்பினுக்கு,

நான் நலம். உன் இருமல் குறைந்ததா? எழுத நினைத்தவை: 1. சூசைக்குச் சடுகுடு சரிப்படவில்லை. 2. பந்தும் சரிப்படவில்லை. 3. சிலம்பக் கம்பு கூடவே கூடாது.

ஓரிடத்தில் நில்லாத நம் பேரன் ஓடிக் களைத்தால் அடங்குவான் என்று நினைத்தேன். சடுகுடுவில் தோட்டக் கங்காணி பழனியாண்டி மகனின் காதைக் கடித்தான். பந்தாட்டத்தில் அதே பையனின் பல்லை உடைத்தான்.

"ஒண்ணு அவன வட்டவளைக்கே, பாட்டிகிட்ட அனுப்பிடுங்க வாத்தியாரே, இல்ல எம்மவன்கூடக் கம்புல நிக்கட்டும்" என்றார் கங்காணி.

நேற்று இருவரையும் கம்போடு எதிரெதிரே நிறுத்தினோம். எதிராளி மண்ணைத் தொட்டுக் கும்பிட்டு நிமிரும்வரை கம்பை அசைக்கக்கூடாது. அந்தப் பையன் வேண்டுமென்றே மெதுவாகக் கும்பிட்டான். சூசை அசையவேயில்லை! பிறகு இருவர் மண்டையிலும் ரத்தம். பயப்படாதே, ஆறிவிடும். "நாளைக்கும் அனுப்புங்க" என்கிறார் கங்காணி.

என் கம்பளிச் சட்டையை அனுப்பு. பேச ஆளில்லாத மாலைகளில் குளிர் கூடுகிறது. தபால்காரர் காத்திருக்கிறார். எழுதிப் பார்த்தபின்தான் தெரிகிறது, மூன்றாவதாக நான் சொன்னது தவறு.

உன்,
ஞானரட்ணம்