மடிப்பதற்குப் பொத்தான் இல்லை

தியாகராய நகர்,
3 ஜூன் 2024

கணினி உலகின் பேரரசி, என் அக்கா மகள் சிம்ராவுக்கு, பட்டுப் பிரிவின் சக்கரவர்த்தி ஷரீஃப் மாமு எழுதுவது.

புனேயிலிருந்து நீ செய்தனுப்பிய கருவி எங்கள் கழுத்தில் ஆளுக்கொன்றாகத் தொங்குகிறது. இரண்டே பொத்தான்: ‘வாடிக்கையாளருடன்’, ‘சும்மா’. நேற்று ஒரு கல்யாண வீட்டார் ஒன்பது லட்சம் புடவையை விரிக்கவைத்து, “அப்புறமா வர்றோம்ணே” என்று போய்விட்டார்கள். மடித்து முடிக்க ஒரு யுகம் ஆனது. மடிப்பதற்குப் பொத்தான் இல்லையே! ‘சும்மா’வை அழுத்தினேன்.

பக்கத்தில் நிற்கும் முருகையன், “இன்னா பாய், மடிக்கசொல்ல கஸ்டமர்னு அமுக்கு. எவன் பாக்கப் போறான்?” என்கிறான். உன் இயந்திரத்திடம் நான் பொய் சொல்வேனா?

வாடிக்கையாளரோடு நின்ற நேரக் கணக்கில் நாற்பத்தோரு பேரில் நான்தான் கடைசி. இந்த மாதமும் கடைசியென்றால் கிடங்குக்கு அனுப்பிவிடுவார்களாம். ஒரு பொத்தான் வைத்துக் கொடு, மகளே.

மாமு

புனே,
10 ஜூன்

அன்பு மாமு,

விற்பவரே மடிப்பார் என்று யாரும் எனக்குச் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. பொத்தான் வைப்பது அரைநாள் வேலை. உங்கள் மேலாளர் ராஜகோபாலன்தான் சம்மதிக்கவில்லை. கருவி பிடித்திருக்கிறதா என்று போன மாதம் அதன் திரையிலேயே கேட்ட கணக்கெடுப்பில் உங்கள் மாடியில் எல்லாரும் ஐந்து நட்சத்திரம் கொடுத்திருக்கிறார்கள். “சந்தோஷமாத்தானே இருக்காங்க, எதுக்கு மாத்தணும்?” என்கிறார். அந்த நட்சத்திரங்களை வைத்துத்தான் என்னை இங்கே குழுத் தலைவியாக்கினார்கள்.

நிஜமாகவே எல்லாருமா, மாமு?

சிம்ரா

தியாகராய நகர்,
17 ஜூன்

பேரரசிக்கு,

எல்லாரும் இல்லை. நான் ஒருவன். சாப்பாட்டு வேளையில் நாற்பத்தோரு கருவியையும் வாங்கி, “எங்க அக்கா பொண்ணு செஞ்சது, குறை சொன்னா கொன்னுடுவேன்” என்று நானே அழுத்தினேன். இருநூற்றைந்து நட்சத்திரம்! அன்றைக்கு வானத்திலேயே தட்டுப்பாடு.

மாமு

புனே,
24 ஜூன்

மாமு,

இதை உங்கள் மேலாளரிடம் நான் சொல்லிவிடட்டுமா? கணக்கெடுப்பை மறுபடி நடத்துவார்கள். பொத்தான் வரும். என் பதவியை நினைக்காதீர்கள். ஒரு வரி எழுதுங்கள், போதும்.

சிம்ரா

தியாகராய நகர்,
14 ஜூலை

சிம்ராவுக்கு,

சொல்லாதே.

கீழே கிடங்குக்கு வந்து ஒன்பது நாள் ஆகிறது. இரண்டு டியூப்லைட். புடவையெல்லாம் கட்டுக் கட்டாக வருகிறது, அப்படியே போகிறது. முதல்நாள் முருகையன் டீ கொண்டுவந்தான். அப்புறம் வரவில்லை. வந்துபோகும் நேரமெல்லாம் அவன் கணக்கில் ‘சும்மா’ என்று விழுகிறதாம். கோபமாக இருக்கிறேனா என்று யோசித்துப் பார்த்தேன். அப்படி ஒன்றும் இல்லை.

அக்கா கேட்டால், மாமு இன்னும் மேலேதான் நிற்கிறார் என்று சொல்.

ஷரீஃப்