கயிறு தொடாதவருக்கும் பங்கு

பள்ளிமுனை,
மன்னார்.

அன்பு மகள் பிறின்சிக்கு,

கர்த்தருடைய தயவால் இங்கே இருவரும் சுகம், ஒஸ்லோவில் நீயும் அப்படியே இருப்பாய் என்று நம்பி எழுதுகிறேன். போனில் சொன்னால் அழுதுவிடுவேன். அதனால் கடிதம். அப்பா திருவிருந்து எடுத்துவிட்டார்!

உனக்குத் தெரியும், நீ சின்னவளாக இருந்தபோதே திருவிருந்து ஞாயிறென்றால் அப்பமும் ரசமும் வருமுன்பே அப்பா எழும்பிக் கோயிலுக்கு வெளியே போய்விடுவார். கேட்டால், நான் இன்னும் திருந்தேல்லை, திருந்தினாப்பிறகு பாப்பம் என்பார். குடியை விட்டார். அப்போதும் அதே பதில். தேவன் தகுதி பார்த்துத் தெரிந்தெடுப்பதில்லை என்று எத்தனை தரம் சொன்னேன். ஏறவில்லை.

போன கிழமை கால் வீக்கம், கரைவலை இழுக்கப் போகவில்லை. ஒருநாள் சும்மா கரையில் போய் நின்றிருக்கிறார். அன்றைக்கு நல்ல மீன்பாடு. மீன் பிரிக்கும்போது வலைக்குச் சொந்தக்காரரான சம்மாட்டி மீராசாஹிபு நானா அப்பாவுக்கும் ஒரு பங்கு ஒதுக்கினாராம். நான் கயிறு தொடேல்லையே நானா என்று அப்பா. நீ இழுத்ததுக்கோ தாறன், நீ என்ர ஆள் எண்டு தாறன், கொண்டு போ என்று அவர்.

அப்பா செய்ததைக் கேள். மறுநாள், வாங்கியதை ஈடுசெய்ய, வீங்கிய காலோடு போய்க் கயிற்றைப் பிடித்தார். மணலில் விழுந்தார். பின்னால் நின்ற இரண்டு பேரும் அவர் மேல். கயிறு தளர்ந்து பாதி மீன் வெளியே. அண்ணை, நீங்கள் வலையை இழுக்கிறியளோ, வலை உங்களை இழுக்குதோ என்று ஆட்கள் ஏச்சு. நானா மட்டும் சிரித்தாராம். நான் தந்ததை விலைக்கு வாங்கவோ வந்தனீ, அமிர்தம், போய் இரு என்றாராம். அன்றைக்கும் பங்கு கொடுத்தார்.

மீனோடு வந்து குசினி வாசலில் நின்றார். இஞ்சாரும், இவ்வளவு காலமும் கடவுளிட்டையும் நான் இதைத்தானே செய்தனான் என்றார். நான் அடுப்பை நிறுத்திவிட்டேன்.

ஞாயிறு திருவிருந்துத் தட்டு வந்தது. அப்பா எழும்பவில்லை. எடுத்தார். பிறின்சி, தெரிந்தெடுப்பவர் கர்த்தர், அழைப்பவர் அவர், கடைசிவரை காப்பவரும் அவர். படித்திருந்தேன். இப்போது கோயில் வாங்கில், என் பக்கத்திலேயே கண்டேன். அதற்காக அப்பா சும்மா இருக்கிறார் என்று நினைக்காதே, கதிரையைப் போட்டுக்கொண்டு நானாவின் கிழிந்த வலையைப் பொத்துகிறார், கூலிக்கல்ல, சந்தோஷத்துக்கு. பாட்டு வேறு.

மனம் சரியானதும் கோயிலுக்குப் போகிறேன் என்றாயே. சரியாக்கிக்கொண்டு போகாதே, மகள். போ.

குளிருக்குக் காதை மூடிக்கொண்டு வெளியே இறங்கு. நேரத்துக்குச் சாப்பிடு. கர்த்தருடைய கை உன்னை விடாது. ஞாயிறு கோயில் விட்டதும் போன் எடு, இந்தமுறை அப்பாதான் முதலில் கதைப்பாராம்.

முத்தங்களுடன்,
அம்மா