முப்பது கணினிகளும் இருபத்தாறு நிமிடமும்

3 மார்ச், திங்கள்

இன்றும் இருபத்தாறு நிமிடம். கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே நின்றேன். ஒன்பது மணிக்கு ஜெபம் முடிந்தது. பிள்ளைகளின் திரை தெளிய ஒன்பது இருபத்தாறு. இதற்குப் பெயர் திருச்சபையின் கணினிப் பயிற்சி நிலையமாம்!

மேசைகளில் இருப்பது வெறும் திரையும் விசைப்பலகையும்தான். முப்பது பிள்ளைகளின் முப்பது கணினிகளும் பின்னறையில் உள்ள சேவர் என்ற ஒரே பெரிய கணினிக்குள் மெய்நிகர் கணினிகளாக ஓடுகின்றன. கரண்ட் பில்லுக்குப் பயந்து பின்னேரம் எல்லாவற்றையும் நிறுத்திவிட வேண்டும் என்பது பணிப்பாளரின் உத்தரவு. நிறுத்தவும் கால் மணித்தியாலம் பிடிக்கிறது. பஸ்ஸுக்கு ஓடத் துடிக்கிற பிள்ளைகளை அதுவரை பிடித்து வைத்திருக்கிறேன். கொடிகாமத்துப் பிரசாந்தி வீடு போய்ச் சேர இருண்டுவிடுகிறதாம்.

27ஆம் திகதி செய்முறைப் பரீட்சை. ஒன்றரை மணித்தியாலம். வெளியிலிருந்து வருகிற பரீட்சகர் ஜெபம் முடிந்ததும் நேரத்தைத் தொடங்கிவிடுவார். அதில் இருபத்தாறு நிமிடம் கறுத்த திரையைப் பார்த்துக்கொண்டிருந்தால் எந்தப் பிள்ளை பாஸ் பண்ணும்?

4 மார்ச்

பணிப்பாளர் கிருபைரட்ணத்திடம் போனேன். "உங்களுக்கு முதல் இருந்தவர் ஒரு நாளும் இப்பிடி முறைப்பாடு கொண்டு வரேல்லையே, நிஷானி" என்றார். அவர் காலத்தில் இருந்தது எட்டுக் கணினி! வாய் வரை வந்தது, விழுங்கிக்கொண்டேன். ஏன் விழுங்கினேன்?

6 மார்ச்

சேவரை விற்ற ஜொனதனுக்கு மூன்றாம் தடவை அழைத்தேன். "அக்கா, மெமறி காணாது. கூட்டிப் போடுங்கோ, பறக்கும்." போட்டோம். இருபத்தாறு நிமிடம். திரும்ப அழைத்தால், "பிள்ளையள் ஏதும் பிழையா அமத்துகினமோ?" என்கிறான்.

என் வகுப்பிலா? இந்த நிலையத்தில் ஒழுங்கு என்று ஒன்று இருந்தால் அது என் வகுப்பில்தான். ஜெபத்தில் ஒரு கை அசையாது. 'ஆமென்' சொன்ன பிறகு நான் தலையசைக்க, முப்பது விரலும் ஒன்றாகத் தொடக்க விசையைத் தட்டும். பார்க்கவே அழகு. அந்த ஒழுங்கைப் போட்டவள் நான்.

10 மார்ச்

ஜெபத்தின் நடுவில் கண்ணைத் திறந்தால் கடைசி வரிசையில் ஒரு திரை வெளிச்சம். பிரசாந்தி! நாங்கள் 'ஆமென்' சொல்லும்போது அவளுடைய கணினி வேலைக்குத் தயார்.

"எங்கடை ஜெபம் உமக்கு விளையாட்டாக் கிடக்கோ?"

"இல்லை ரீச்சர். முதலே போட்டா ஒரு நிமிசத்திலை கெதியா வருது. அதுதான்..."

அதுதானாம்! பிழையும் விட்டு விளக்கமும் சொல்கிறாள். தான் சைவம், இந்த ஜெபம் தனக்கில்லை என்ற நினைப்பு. வெளியே போகச் சொன்னேன். பரீட்சைக்கு அனுப்பும் பட்டியல் மேசையில் கிடந்தது. அவள் பெயரைச் சிவப்புப் பேனையால் வெட்டிப் பக்கத்தில் கையெழுத்தும் வைத்தேன். ஒழுங்கில்லாதவளுக்கு என்னத்துக்குச் சான்றிதழ்?

11 மார்ச்

பட்டியல் பரீட்சைப் பகுதிக்குத் தபாலில் போய்விட்டது. பிரசாந்தி வரவில்லை. ரோசம்!

17 மார்ச், திங்கள்

பஸ் வேலைநிறுத்தம். சைக்கிளில் வரக்கூடிய ஆறு பேர்தான் வந்தார்கள். ஜெபம், ஆமென், ஆறு விரல். ஒன்றரை நிமிடத்தில் ஆறு திரையும் தெளிந்தன.

அதே சேவர். அதே அறை. அப்படியென்றால் இவ்வளவு நாளும்?

பிள்ளைகளை மத்தியானமே அனுப்பிவிட்டு நானே பின்னறையில் சேவரிலிருந்து எல்லாவற்றையும் போட்டுப் பார்த்தேன். தனியாக ஒன்று: நாற்பது விநாடி. இடைவெளி விட்டு ஐந்தைந்தாக முப்பதும்: பத்து நிமிடத்துக்குள். முப்பதையும் ஒரே நேரத்தில்: இருபத்தாறு. முப்பதும் ஒரே பழைய ஹார்ட் டிஸ்க்கில் போய் விழுகின்றன. ஒரு வாசலால் முப்பது பேர் ஒன்றாக நெருக்குப்பட்டால் ஒருவரும் உள்ளே போக முடியாது. நிறுத்தும்போதும் இதே கதைதான். நாலு மணிக்கு எல்லோரையும் ஒன்றாக நிறுத்தச் சொல்கிறவள் ஆர்? ஒன்றாகத் தட்டச் சொன்னவள் ஆர்?

ஜொனதன் இல்லை. கிருபைரட்ணம் இல்லை. நான்.

அந்தப் பிள்ளை என் முகத்துக்கு நேரே சொன்னாளே. கடவுளே, நான் என்ன செய்தேன்?

18 மார்ச்

"பிரசாந்தியின்ரை பேரைத் திரும்பச் சேர்க்க வேணும் ஐயா."

"நீங்கள்தானே வெட்டினனீங்கள்? இப்ப பிழை விட்டிட்டம் எண்டு எழுதினா நிலையத்துக்கெல்லோ கெட்ட பேர்."

"நிலையம் இல்லை, நான் விட்ட பிழை. என்ரை பேரிலை எழுதுறன்!" என்று கத்திவிட்டேன். அடுத்த அறையிலிருந்து எட்டிப் பார்த்தார்கள். பார்க்கட்டும். அங்கேயே நின்று எழுதிக் கொடுத்தேன்.

22 மார்ச், சனி

கொடிகாமம் சந்தை. பிரசாந்தி தகப்பன் பரமலிங்கத்தோடு தேங்காய் அடுக்கிக்கொண்டிருந்தாள். "சாமியைப் பழிச்சவள் எண்டு கலைச்ச இடத்துக்குத் திரும்ப என்னெண்டு விடுறது ரீச்சர்?" என்றார் அவர். அந்தச் சொற்களை நான் சொல்லவில்லை. ஆனால் நான் சொன்னதன் பொருள் அதுதான்.

"நீர் சொன்னதுதான் சரி. நான் கேக்கேல்லை. என்னை மன்னிக்க வேணும்" என்று பிரசாந்தியிடம் சொன்னேன். பக்கத்துக் கடைக்காரர்களுக்கும் கேட்டிருக்கும். அவள் கையிலிருந்த தேங்காயைக் கீழே வைக்கவில்லை.

"என்ரை பேர் இருக்கோ ரீச்சர்?"

"எழுதிக் குடுத்திருக்கிறன்."

தேங்காயை அடுக்கில் வைத்துவிட்டு அடுத்ததை எடுத்தாள்.

25 மார்ச்

பரீட்சைப் பகுதியிலிருந்து பதில் வந்தது. ஒரே ஒரு வரி. முடிவுத் திகதி தாண்டிவிட்டதாம், இனிச் செப்டெம்பரில்தானாம். எழுதினவர் மீது கோபப்படப் பார்த்தேன். வரவில்லை.

27 மார்ச்

எட்டரைக்கு முன்வரிசையைப் போட்டேன். இரண்டு நிமிடம் விட்டு அடுத்த வரிசை, பிறகு அடுத்தது. ஜெபம் தொடங்கும்போது இருபத்தொன்பது திரையும் வெளிச்சமாக இருந்தன. கர்த்தர் கோபித்ததாகத் தெரியவில்லை. பிள்ளைகளுக்கு ஒரு நிமிடம்கூட வீணாகவில்லை.

முடிந்த பிறகு பரீட்சகருக்குத் தேத்தண்ணி கொடுத்துக்கொண்டு கிருபைரட்ணம் பெருமையடித்தார். "முந்தி அரை மணித்தியாலம் பிடிக்கும். உது எங்கடை நிஷானி ரீச்சர் கண்டுபிடிச்ச வழி."

"நான் இல்லை. பிரசாந்தி எண்டொரு பிள்ளை" என்றேன்.

பரீட்சகர் பட்டியலை எடுத்து மேலிருந்து கீழ்வரை விரலை ஓட்டினார். "அப்பிடி ஒரு பேர் இதிலை இல்லையே?"

"இல்லை. நான்தான் வெட்டினனான்."